முப்பத்தைந்து நாள் மாதம்

கீழே மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று செண்பகம் மறுபடியும் சொன்னாள், ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்று ஏறியது. இது எத்தனையாவது தடவை என்று அவர் எண்ணவில்லை. எண்ணினால் கோபம் கூடும், ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்குக் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது. தங்கை நல்லபடியாகத்தான் ஆரம்பித்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன், பிள்ளை சிணுங்குகிறாள், நாலு மணிக்குத்தானே கார், அதுவரைக்கும் கொஞ்சம் கடற்கரையில் காற்றாட வைத்துக்கொண்டிருங்கள் என்று குழந்தையைத் தூக்கிக் கொடுத்தாள். அவரும் வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, விமானத்துக்காகப் போட்டிருந்த புதுப் பேண்ட் மடிப்புக் கலையாமல் வாசலைத் தாண்டினார். அப்போதுதான் பின்னாலிருந்து அது வந்தது. முற்றத்தில் குருத்தோலை கிழித்துத் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரிந்திருக்கும், சிரித்தார்கள். இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் சிரிக்கிறார்கள். சரி, சிரிக்கட்டும். கோவில்பட்டி பஸ் நிலையத்தில் டைம் கீப்பராகவே தலை நரைத்த மனுஷன் அவர். அவர் விசில் ஊதாமல் ஒரு பஸ் நகராது. கியரில் கையை வைத்துக்கொண்டு எத்தனை டிரைவர்கள் அவர் வாயைப் பார்த்துக் காத்திருந்திருக்கிறார்கள். அவரை நாலு பொம்பளைகள் முன்னால் நிறுத்திப் பிள்ளையைக் கீழே விடாதே என்று. அவருக்குத் தெரியாதா. முதல் நாளே தெரிந்துகொண்டாயிற்று, தெரிந்துகொண்ட லட்சணத்தை இந்த வீடே பார்த்தது. பாலித் தீவில் பிறக்கிற பிள்ளையின் கால், மூன்று மாதச் சடங்கு முடிகிற வரைக்கும் மண்ணில் படக்கூடாது. அதுவரை அது முழு மனுஷப் பிள்ளை இல்லையாம், பாதி தெய்வமாம். கட்டிலில் போடலாம், மடியில் போடலாம், தொட்டிலில் போடலாம், தரை மட்டும் ஆகாது. பாதி தெய்வம் இப்போது அவர் சட்டைக் காலரை எச்சிலால் நனைத்துக்கொண்டிருந்தது.

வீட்டிலிருந்து கடலுக்கு ஒரு சந்துதான். சந்தில் வாசலுக்கு வாசல் ஒரு ஓலைத் தட்டு, அதில் பூ, ஒரு சிட்டிகைச் சோறு, ஒரு பிஸ்கட், புகைகிற ஊதுபத்தி. எல்லாம் தரையில். மிதித்துவிடாமல் இருக்கக் காலைப் பார்த்துப் பார்த்து வைக்கவேண்டியிருந்தது. பிள்ளையின் கால் தரையில் படக்கூடாது, சாமிச் சோறு மட்டும் தரையில் கிடக்கலாமா, இது என்ன கணக்கு என்று முந்தாநாள் கேட்டதற்கு, இது கீழே இருக்கிற பூதகணங்களுக்கு, மேலே இருக்கிற சாமிகளுக்கு நாங்கள் மேலே வைப்போம் என்றாள் செண்பகம். நாங்கள் என்றாள். வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. துபாயில் ஒரு ஓட்டலில் கணக்கு எழுதப் போனவள், அதே ஓட்டல் அடுப்படியில் நின்ற கொமாங்கைக் கட்டிக்கொண்டு இந்தச் சானூருக்கு வந்து சேர்ந்தாள். கல்யாணத்துக்கு வர அவருக்குப் பாஸ்போர்ட் இல்லை. போட்டோவில் தலை நிறையத் தங்கப்பூ வைத்து உட்கார்ந்திருந்தவளைத் தன் தங்கைதானா என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொமாங் தங்கமான பையன், அதைச் சொல்லாமல் இருக்கக்கூடாது. குறை சொல்ல ஏதாவது கிடைத்தால் மனசுக்கு ஆறுதலாக இருக்கும், அதுவும் கிடைக்கவில்லை. கடற்கரை வந்துவிட்டது. கடலா இது, கண்மாய். தூரத்தில் பாறைத்திட்டில் அலையெல்லாம் நுரைத்து விழுந்துவிடுகிறது, கரைக்கு வருவது வெறும் தளும்பல். திருச்செந்தூர் கடலைப் பார்த்த கண்ணுக்கு இது தூங்குகிற தண்ணீர். கரையோரம் நீளமாகத் தளம் போட்ட நடைபாதை, அதில் வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் யாரும் துரத்தாத சைக்கிளை மிதித்துக்கொண்டு போகிறார்கள். மரத்தடியில் கால் அமுக்கிவிடுகிற பெண்கள் கூப்பிடுகிறார்கள். அவசரமாக நடந்தால் உடனே ஒருத்தர் சொல்லிவிடுவார், சந்தாய், சந்தாய். பதறாதே, மெல்லப் போ என்று அர்த்தமாம். வந்த நாளிலிருந்து இந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கொமாங்கின் சித்தப்பா மகன் அகுஸ் என்று ஒருவன், கார் ஓட்டுகிறவன். கோயிலுக்குக் காலையில் வருகிறேன் என்றவன் மத்தியானம் வந்தான். சந்தைக்கு மத்தியானம் வருகிறேன் என்றவன் விளக்கு வைத்தபிறகு வந்தான். கையில் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினால் அழகாகப் பல்லைக் காட்டி, சந்தாய் அண்ணா என்றான். அண்ணாவை யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

இந்த ஊரே இப்படிச் சாவகாசமாக இருக்கும்போது, அவசரப்பட்டு அவர் ஒருவர்தான் மூக்குடைபட்டார். வந்த அன்று சாயங்காலம். பெட்டியை வைத்தார், கை கால் கழுவினார், செண்பகம் பிள்ளையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். தங்கை பிள்ளை. ஊரில் எப்படிச் செய்வோமோ அப்படித்தான் செய்தார், தோளில் கிடந்த துண்டை உதறி முற்றத்தில் விரித்து, அதில் பிள்ளையை மல்லாக்கப் போட்டுக் கையைக் காலை ஆட்டவிட்டுப் பார்க்கலாமென்று குனிந்தார். தரையில் துண்டு விரித்துப் பிள்ளையைப் போடாத வீடு எங்கே இருக்கிறது. துண்டில் முதுகு படுவதற்கு முன்னால் ஒரு சத்தம். செண்பகத்தின் மாமியார், இபு, இபு என்றால் அம்மா என்று அர்த்தமாம், அந்த அம்மாள் எங்கிருந்துதான் வந்தாளோ, கையிலிருந்த ஓலை, கத்தி எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கினாள். பிடுங்கினாள் என்றுதான் சொல்லவேண்டும். அப்புறம் உடனே சிரித்து, இரண்டு கையையும் கூப்பி, தப்பாக எடுத்துக்கொள்ளவேண்டாம் என்று என்னென்னமோ சொன்னாள், அவர் கைக்கு ஒரு டம்ளர் காப்பி வந்தது, தட்டில் வாழைப்பழப் பணியாரம் வந்தது. ஆனால் கை வெறுங்கையாய்த்தான் இருந்தது. தாய்மாமன் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்குவதைக் கோவில்பட்டியில் யாராவது பார்த்திருந்தால் அந்த வீட்டில் தண்ணீர் குடிப்பார்களா. செண்பகம் முகம் வெளிறிப்போய் நின்றாள். அவள் அண்ணனைப் பார்க்கவில்லை, மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைதான். அடி வாங்கிய பிள்ளை மாதிரியும் இல்லை, கோபமும் இல்லை, இந்த வீட்டில் இரண்டு வருஷமாகச் சேர்த்துவைத்த நல்ல பேர் எல்லாம் போய்விடுமோ என்கிற பயம். அவர் காப்பியைக் குடித்தார். அதில் மண் மாதிரிக் காப்பித்தூள் அடியில் கிடந்தது.

வலது தோள் கனத்தது, பிள்ளையை இடது தோளுக்கு மாற்றினார். மாற்றும்போது கழுத்தைப் பிடி, கழுத்தைப் பிடி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உட்கார ஒரு இடம் வேண்டும். பெஞ்சுகளில் எல்லாம் ஆள். கையில் பிள்ளை இல்லாவிட்டால் நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கலாம், ஆனால் எழுந்திருக்கும்போது ஒரு கையை ஊன்றவேண்டும், ஊன்றினால் பிள்ளை ஒரு கையில், ஒரு கையில் என்றால் வழுக்கும், வழுக்கினால். வேண்டாம். நடந்தார். மூன்று மாதம் என்றுதானே போனில் சொன்னாள். மூன்று மாதத்தில் சடங்குண்ணே, அன்றைக்குத்தான் பிள்ளையின் காலை முதல்முதலாக மண்ணில் படவிடுவார்கள், பேரும் அன்றைக்குத்தான், நீங்கள் கட்டாயம் வரணும் என்று. அவர் டிப்போ காலண்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு பிறந்த தேதியிலிருந்து எண்ணினார். டைம் கீப்பர் எண்ணினால் தப்புமா. சரியாக அந்த நாளுக்குள் அடங்குகிற மாதிரி லீவு எழுதிக்கொடுத்து, மாற்றவே முடியாது என்று கொட்டை எழுத்தில் போட்ட டிக்கெட்டை வாங்கி, சடங்கன்று காலையில் மாமனாக உட்கார்ந்து, சாயங்காலம் கார், இரவு விமானம், மறுநாள் டூட்டி. திருவிழாச் சிறப்புப் பஸ்கள் தொடங்குகின்றன, அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வந்து இறங்கி, தலையில் இடி விழுந்த மாதிரி முதல் நாள் ராத்திரி தெரிகிறது, இவர்களுக்கு மாதத்துக்கு முப்பத்தைந்து நாளாம். எந்த ஊரில் அய்யா மாதத்துக்கு முப்பத்தைந்து நாள். சந்திரனையும் பார்க்காமல் சூரியனையும் பார்க்காமல் வாரத்தைப் பெருக்கி ஒரு மாதம். அப்படியானால் சடங்கு இன்னும் இரண்டு வாரம் கழித்து. இன்றைக்குக் கோவில்பட்டிக் கணக்குப்படி மூன்று மாதம் முடிந்தாயிற்று, சானூர்க் கணக்குப்படி முடியவில்லை. முற்றத்துப் பொம்பளைகள் தைக்கிற குருத்தோலையெல்லாம் அவர் பார்க்கப்போகாத ஒரு நாளுக்கு. ஏட்டி, முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று அன்றைக்குக் கேட்டார். முதலில் அவளுக்கே தெரியாதாம், தெரிந்தபோது அவர் டிக்கெட் வாங்கியிருந்தாராம். அப்புறம், "சொன்னா நீங்க வராமலே இருந்துருவீகளோன்னு பயந்துட்டேன்ணே" என்றாள். அதைக் கேட்டு அவருக்கு மனசு இளகத்தான் செய்தது. இளகின மனசோடு அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தார். லீவு போட்டு இருந்துவிட்டுப் போங்கண்ணே என்று அவள் சொல்லவேண்டும். சொன்னால் அவரால் முடியாது என்று பதில் சொல்லியிருப்பார், அதுதான் நடந்திருக்கும், வேலை போய்விடும். ஆனால் சொல்லவேண்டும். சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை, இன்று காலையில் பெட்டிக்குக் கயிறு கட்டும்போது முடிச்சைப் பிடித்துக் கொடுத்தாளே தவிர அப்போதும் சொல்லவில்லை.

மாமன் மடியைப் பற்றி அவளுக்கு மறந்துவிட்டது, அதுதான் விஷயம். மறக்காமல் என்ன, அப்போது அவளுக்கு ஒரு வயசு. அவள் காது குத்துக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்தாயிற்று, கழுகுமலை அடிவாரத்தில் பந்தல், ஆசாரி கம்பியைத் தேய்த்து வைத்துக்கொண்டு நல்ல நேரம் போகிறதே, போகிறதே என்கிறார், மாமன் வரவில்லை. அம்மாவுடன் பிறந்த மாமன். பத்திரிகையை முதலில் தனக்கு வைக்கவில்லை என்று கயத்தாறில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆள் அனுப்பினார்கள், ஆள் திரும்பி வந்தான். அம்மா மூலையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கடைசியில் அப்பா பிள்ளையைத் தூக்கிப் பத்தாவது படித்துக்கொண்டிருந்த ஆவுடையப்பன் மடியில் வைத்தார். அண்ணன் மடி மாமன் மடி ஆகுமா என்று யாரோ ஒரு பெரியம்மா சத்தமாகவே கேட்டாள். ஆகாது. அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது, இருந்தாலும் இரண்டு காலையும் இறுக்கிச் சேர்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கம்பி ஏறினதும் செண்பகம் அவர் கட்டைவிரலைக் கடித்துவிட்டாள், அரைகுறையாக முளைத்த பல், நல்ல கடி. அந்த வலியோடு அவர் மனசில் ஒன்று விழுந்தது. இவளுக்குப் பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்கு ஒன்று என்றால் மாமன் மடி காலியாக இருக்காது. அப்பா போனார், அம்மா போனாள், செண்பகத்தைப் படிக்கவைத்தது, துபாய்க்கு விமானம் ஏற்றியது, எதுவும் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை, இது ஒன்றுதான் பாக்கியாக இருந்தது. வெள்ளித் தண்டை ஒரு ஜோடி செய்து கொண்டுவந்தார். உள்ளே பரல் போட்டது, ஆட்டினால் கிலுங்கும். முதல் நாளே அதை டப்பாவோடு இபு இரண்டு கையாலும் வாங்கி, நெற்றியில் ஒற்றி, வீட்டுக் கோயிலில் உயரமான மாடத்தில் ஏற்றிவைத்துவிட்டாள். சடங்கன்றுதான் காலில் ஏறுமாம். காலையும் சாயங்காலமும் அதற்குப் பூ வைத்துத் தீர்த்தம் தெளிக்கிறாள், மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. அண்ணாந்து பார்த்தால் டப்பா தெரியும். அன்றைக்கு யார் மடியில் பிள்ளையை வைப்பார்கள் என்று செண்பகத்தை விட்டுக் கேட்கச் சொன்னார். மாமியார் ரொம்ப நேரம் யோசித்தாளாம், இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை போல. பிறகு சொன்னாளாம், யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் என்று. மாமனுக்கு இங்கே இடமில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள். அவர் அப்போது கோவில்பட்டியில் தூத்துக்குடி பஸ்ஸுக்கு விசில் ஊதிக்கொண்டிருப்பார்.

நடைபாதை முடிகிற இடத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. கடல் நன்றாக உள்வாங்கிக் கிடந்தது. இரண்டு பக்கமும் மூங்கில் கைகளை நீட்டிக்கொண்டு ஒரு மீன்படகு மணலில் சாய்ந்து நின்றது, மூக்கில் பெரிய பெரிய கண் வரைந்திருந்தார்கள். அதைத் தவிர ஒருவரும் இல்லை. ஈர மணல், ஒரு காலடிகூடப் படாதது. செருப்பைப் படகு அருகில் கழற்றிவிட்டு இறங்கி நடந்தார். குளிர்ந்திருந்தது. பிள்ளை விழித்துக்கொண்டு தோளில் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள், தலை நிற்க ஆரம்பித்துவிட்டது. ஏ மூக்கி, என்ன பார்க்கிறாய், பேரில்லாத பிள்ளை. பேர் வைக்கும்போதும் அவர் இருக்கமாட்டார், போனில் சொல்வார்கள், இரைச்சலில் சரியாகக் காது கேட்காது, என்னது என்னது என்று கேட்கவேண்டியிருக்கும். இன்றைக்கு மூன்று மாதம். மூன்று மாதம் மூன்று மாதம்தான், யார் எண்ணினாலும். இந்தப் பிள்ளைக்கு அப்பன் வீட்டுக் கணக்கு ஒன்று உண்டென்றால் அம்மை வீட்டுக் கணக்கு ஒன்று கிடையாதா. அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்ததும் காது சூடாகிவிட்டது. திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. ஒரே ஒரு தடவை. இரண்டு பாதமும் பட்டும் படாமலும். படம் எடுக்கவேண்டாம், யாரிடமும் சொல்லவேண்டாம், தெய்வானையிடம்கூட, பெண்டாட்டி வாயில் எதுவும் நிற்காது. பதினாலாம் நாள் இவர்கள் ஆயிரம் ஓலையைக் கட்டி, மணி அடித்து, தீர்த்தம் தெளித்து, முதல்முதலாக என்று சொல்லிப் பிள்ளையை இறக்கும்போது, அது முதல் இல்லை, முதல் எங்கள் கணக்கில், இந்த மணலில், மாமன் கையிலிருந்து என்று கோவில்பட்டியில் ஒருவனுக்குத் தெரிந்திருக்கும். அது போதும். பிடுங்கினார்களே அன்றைக்கு. புதுப் பேண்ட் என்றுகூடப் பார்க்காமல் மண்டி போட்டார். முட்டி இரண்டும் ஈர மணலில் அழுந்தின. பிள்ளையின் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தோளிலிருந்து இறக்கி, முன்னால் பிடித்து, மெல்ல, மெல்ல, சந்தாய், கீழே கொண்டுபோனார்.

ஒரு விரல்கடை இருக்கும்போது கை நின்றுவிட்டது. பயமா என்றால் பயம்தான், ஆனால் சாமிப் பயம் இல்லை. அவர் கண்ணுக்கு முன்னால் அந்தச் சின்னப் பாதம், வெடிப்பு இல்லாத, ரேகைகூட இன்னும் சரியாக விழாத பாதம், மணலுக்கு மேலே காத்திருந்தது, விசிலுக்குக் காத்திருக்கிற மாதிரி. அதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷத்தில் அவர் பஸ்ஸைப் பிந்தி விட்டதுண்டு. டிரைவர் டீ குடிக்கப் போயிருப்பான், டயரில் காற்று இருக்காது, பிந்தியதற்கு ஆயிரம் காரணம். முந்தி விட்டதில்லை. பஸ் நிறைந்துவிட்டது, எடுக்கட்டுமா சார் என்று கெஞ்சுவார்கள், நேரம் ஆகவில்லை, நில் என்பார். ஏனென்றால் எவளாவது ஒருத்தி நேரத்தை நம்பி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, சந்தைப் பக்கத்திலிருந்து ஓடிவந்துகொண்டிருப்பாள். சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிறவளுக்கு முன்னால் வெறும் புகை. அதைவிடப் பெரிய துரோகம் அவருக்குத் தெரிந்து வேறு கிடையாது. இது யார் பஸ். அவர் பஸ் இல்லை. இபு தினமும் ராத்திரி கண்ணில் தண்ணீர் வழிய வழிய ஓலை தைக்கிறாள், அவள் நேரத்தை நம்பிக்கொண்டிருக்கிறாள். செண்பகம் அதில் ஏறி உட்கார்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. வந்து சேருகிறவர்களுக்கு முன்னால் வண்டியை எடுத்துவிட்டு, யாருக்கும் தெரியாது என்று பெருமை வேறு. சீ என்று ஆகிவிட்டது. பிள்ளையும் அதே நேரத்தில் இரண்டு காலையும் வெடுக்கென்று மேலே மடக்கிக்கொண்டாள், குளிர்காற்று பட்டிருக்கும். படவில்லை. நன்றாகப் பார்த்தார், மணலில் பிள்ளையின் தடம் ஒன்றும் இல்லை, அவருடைய காலடியும் முட்டிக் குழி இரண்டும்தான். பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எப்படியோ எழுந்து, படகின் மூங்கில் கையில் போய் உட்கார்ந்தார். பிள்ளையை முன்னால் நிற்கிற மாதிரிப் பிடித்தார். அவள் காலை நீட்டி அவர் முட்டியில் ஊன்றினாள். ஊன்றி, எழும்பினாள். மறுபடியும் ஊன்றினாள், எழும்பினாள், ஒவ்வொரு எழும்பலுக்கும் வாயைத் திறந்து சத்தமில்லாமல் சிரித்தாள். இத்தனை பலம் இந்தக் காலுக்கா. மிதி, நல்லா மிதிட்டி, மாமன் முட்டிதான், இது தரை இல்லை, இதற்கு உன் ஆச்சி ஒன்றும் சொல்லமாட்டாள். வந்த நாளிலிருந்து அவருக்குச் சந்தோஷமாக இருந்தது இந்த ஒரு நேரம்தான். எரிச்சல் கொஞ்சம் இறங்கியது. கேட்காவிட்டால் என்ன, இருந்துவிட்டுப் போ என்று யார் கேட்கவேண்டும், அவளுக்குத்தான் அண்ணன் வேலை தெரியுமே. பிள்ளைக்கு ஊன்ற இடம் கிடைத்துவிட்டது, அவருக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டது.

அண்ணே என்று குரல் கேட்டது. செண்பகம் ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நடைபாதையிலிருந்து இறங்கி வந்தாள். நேரே வந்தவள் பாதி வழியில் நின்றாள். அவர் கவனிக்கவில்லை, கொஞ்சம் கழித்துத்தான் அவள் எதைப் பார்க்கிறாள் என்று புரிந்தது. மணலில் இரண்டு முட்டிக் குழி. அங்கிருந்து அவள் கண் அவர் பேண்ட்டுக்கு வந்தது, முட்டி இரண்டிலும் அப்பிய மணல். அங்கிருந்து பிள்ளையின் காலுக்கு. அவரும் அப்போதுதான் பார்த்தார். உள்ளங்கால் இரண்டிலும் மணல், விரல் இடுக்கில்கூட ஒன்றிரண்டு மினுங்கியது. செண்பகம் பிள்ளையை வாங்கினாள். வாங்கி, தலைத்துண்டை அவிழ்த்து அதன் நுனியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள், சந்துப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே துடைத்தாள்.

"என் முட்டியில இருந்த மண்ணுட்டி அது. கீழ விடல."

"சரிண்ணே."

"நெசமாத்தான் சொல்லுதேன். விடலாம்னு குனிஞ்சேன், அது நெசம். ஆனா விடல. முட்டியிலதான் நிக்க வச்சேன்."

"அதான் சரின்னுட்டேன்லா."

சரி என்றாள், அகுஸ் சந்தாய் என்கிற மாதிரி. கேட்கமாட்டாளா என்று இருந்தது. குறுக்கே நிறுத்தி, எங்கே நிறுத்தினீர்கள், எப்படிப் பிடித்தீர்கள், கையைக் காட்டுங்கள் என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார், ஒரு விரல்கடையைச் சொல்லியிருப்பார், ஓடிவருகிறவளை, பஸ்ஸைச் சொல்லியிருப்பார். சண்டையாவது போட்டிருக்கலாம். அவள் பிள்ளையின் காலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கடைசி மணலையும் ஊதிவிட்டு, அண்ணன் முட்டியில் ஒட்டியிருந்த மணலைக்கூடத் தட்டிவிட்டாள். கண் கலங்கியிருந்தது. அவ்வளவு பாசமாக அவள் அவரைப் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

"நீங்க விட்டுருந்தாலும் நான் இபுகிட்ட சொல்லமாட்டேண்ணே. யாருக்கும் தெரியாது. வெசனப்படாம போய்ட்டு வாங்க."

செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. அதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. இனி எத்தனை வருஷம் கழித்துச் சத்தியம் பண்ணினாலும் அவள் இதே முகத்தோடு சரிண்ணே என்பாள், அண்ணன் ஆசைப்பட்டுச் செய்துவிட்டார், பாவம் என்று மனசுக்குள் வைத்துக்கொள்வாள், சடங்கன்று எல்லோரும் முதல்முதலாக என்று கைகூப்பும்போது அவள் ஒருத்தி மட்டும் தலையைக் குனிந்துகொள்வாள். அது இல்லட்டி, கேளு, ஒரு நிமிஷம் நில்லு, நான் சொல்லுவதைக் கேளு என்று ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். சந்து முனையில் ஹார்ன் அடித்தது. அகுஸ், தலையை வெளியே நீட்டிக் கையாட்டிக்கொண்டிருந்தான், பெட்டியைக்கூட ஏற்றிவிட்டிருந்தான். அவருடைய கை பழக்கத்தில் தானாகத் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தது. நாலு மணி. முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை.